பூலில் போடும் காசு வைப்பு அல்ல, கடை

"லிக்விடிட்டி போட்டால் ஆண்டுக்கு 40 வீதம்." யாழ்ப்பாணத்தில் கிரிப்டோ பேசப்படும் இடங்களில் இப்படி ஒரு வரி காதில் விழுவதுண்டு. கேட்பவர் உடனே வங்கியின் நிலையான வைப்பை நினைக்கிறார். அது பொருந்தாது. வைப்பில் முதல் அப்படியே இருக்கும், அதன்மேல் வட்டி சேரும். லிக்விடிட்டி பூலில், அதாவது இரண்டு கிரிப்டோ நாணயங்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொடுக்கவெனப் பலர் காசு போடும் தொட்டியில், முதலே உருமாறிக்கொண்டிருக்கும்; இன்று போட்ட விகிதத்தில் நாளை இருக்காது. அது ஏன், அதற்குக் கிடைக்கும் கூலி எவ்வளவு, சிறிய தொகையோடு வாங்கி விற்பவருக்குக் காசு எங்கே கசிகிறது என்பவற்றை அடியிலிருந்து பார்க்கலாம்.

கீழே வரும் கணக்குகளில், எதீரியம் என்ற வலையமைப்பின் சொந்த நாணயமான ஈத்தர் ஒன்றின் விலை 2,000 டொலர் என்று வைத்திருக்கிறோம். அது இன்றைய விலையல்ல. கணக்குப் பார்க்க இலகுவான எண்.

கம்பனி இல்லாத சந்தை

பைனான்ஸ் போன்ற மையச் சந்தையில் ஒரு கம்பனியிடம் கணக்குத் திறக்கிறீர்கள், அடையாளம் காட்டுகிறீர்கள். காசு கம்பனியின் கையில் இருக்கும். திரையில் தெரியும் மீதி, கம்பனி உங்களுக்குத் தரவேண்டிய தொகை மட்டுமே. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் வீழ்ந்தபோது, அங்கே காசு வைத்திருந்தவர்கள் கடன்கொடுத்தோர் வரிசையில் நிற்கவேண்டி வந்தது இதனால்தான்.

பரவலாக்கப்பட்ட சந்தையில், சுருக்கமாக டெக்ஸில், அப்படி ஒரு கம்பனி உங்கள் காசை வைத்திருப்பதில்லை. பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுப் பதிவேடான பிளொக்செயினில் பதிந்துவிட்ட நிரல் ஒன்று, அதாவது ஸ்மார்ட் கொன்ட்ராக்ட், மாற்றிக்கொடுக்கும் வேலையைச் செய்கிறது. காசு உங்கள் வொலட்டில், அதாவது நீங்களே திறப்பு வைத்திருக்கும் டிஜிட்டல் பணப்பையில் இருக்கும். வொலட்டின் திறப்பு 12 அல்லது 24 சொற்கள் கொண்ட ஒரு வரிசை. யுனிஸ்வொப் 2018 நவம்பரில் எதீரியத்தில் தொடங்கியது. கேர்வும் பான்கேக்ஸ்வொப்பும் 2020இல் வந்தன.

கம்பனி விழுந்து காசு போகும் ஆபத்து இங்கே இல்லை. அதற்குப் பதிலாக, தவறினால் அழைத்துச் சொல்ல இலக்கமும் இல்லை. பிழையான முகவரிக்கு அனுப்பியதைத் திருப்பித்தர எவராலும் முடியாது.

விலையை யார் சொல்கிறார்கள்?

சுன்னாகம் சந்தையில் வெங்காயத்தின் விலை, கொண்டுவந்தவரும் வாங்குபவரும் பேசித் தீர்ப்பது. மையச் சந்தையும் ஏறக்குறைய அப்படித்தான்: இந்த விலைக்கு வாங்குவேன், அந்த விலைக்கு விற்பேன் என்ற கேள்விகள் ஒரு பட்டியலில் நிற்கும், பொருந்தும்போது வியாபாரம் நடக்கும். டெக்ஸில் பேரம் இல்லை. இரண்டு நாணயங்கள் கொட்டிவைத்த ஒரு தொட்டி இருக்கிறது, அதுதான் பூல். விலையைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விதி: முதல் நாணயத்தின் அளவையும் இரண்டாவதின் அளவையும் பெருக்கினால் வரும் எண் மாறக்கூடாது.

ஒரு பூலில் 10 ஈத்தரும் 20,000 யூஎஸ்டிசியும் இருப்பதாக வைப்போம். யூஎஸ்டிசி என்பது ஒரு டொலருக்குச் சமமாக நிற்க முயலும் நாணயம்.

1. பெருக்கம் 200,000. ஈத்தரின் விலை 20,000 ÷ 10 = 2,000.

2. நீங்கள் 1 ஈத்தர் எடுக்க விரும்புகிறீர்கள். எடுத்தபின் 9 ஈத்தர் மிஞ்சும். பெருக்கம் மாறாதிருக்க மறுபக்கம் 200,000 ÷ 9 = 22,222 யூஎஸ்டிசி இருக்கவேண்டும். ஆகவே நீங்கள் போடவேண்டியது 2,222.

3. திரையில் 2,000 என்றிருந்ததற்கு 11 வீதம் கூடக் கொடுத்துவிட்டீர்கள். இந்த வித்தியாசத்தை எவரும் கட்டணமாக அறவிடவில்லை. தொட்டி சிறியது, நீங்கள் அள்ளியது பெரிது, அவ்வளவுதான். இதை விலைத் தாக்கம் என்கிறார்கள்.

4. இப்போது பூலின் விலை 2,469. வெளியே எல்லா இடத்திலும் 2,000. இதைக் கவனித்துக்கொண்டேயிருக்கும் தானியங்கி நிரல்கள் உடனே வெளியே ஈத்தர் வாங்கி இங்கே கொண்டுவந்து விற்று, விலையை மீண்டும் 2,000க்கு அருகில் இழுத்துவிடும். நீங்கள் கூடக் கொடுத்ததில் பெரும்பகுதி அந்த நிரல்களை ஓட்டுபவர்களின் இலாபமாகிறது.

இதே ஒரு ஈத்தரை 1,000 ஈத்தரும் 20 இலட்சம் யூஎஸ்டிசியும் உள்ள பூலில் வாங்கினால் கொடுக்கவேண்டியது 2,002. கூடுதல் வெறும் 0.1 வீதம்.

மனதில் வைக்க ஒரு சுருக்கக் கணக்கு: நீங்கள் போடும் தொகையை, பூலில் அதே நாணயம் இருக்கும் தொகையால் வகுங்கள். 20,000 யூஎஸ்டிசி உள்ள பக்கத்தில் 100 போட்டால் இழப்பு 0.5 வீதம். தளங்கள் காட்டும் மொத்தப் பெறுமதி இரண்டு பக்கத்தையும் சேர்த்தது என்பதால் முதலில் அதைப் பாதியாக்கவேண்டும். யுனிஸ்வொப்பின் மூன்றாம் பதிப்பைப் போல எல்லை வகுத்துக் காசு போடும் பூல்களுக்கு இந்தச் சுருக்கம் சரிவராது. அங்கே உறுதிசெய்யும் திரையில் வரும் விலைத் தாக்க எண்ணைத்தான் பார்க்கவேண்டும்.

சிறிய தொகையில் காசு கசியும் இடங்கள்

எங்கள் சந்தைகளில் விவசாயிகளை நெடுங்காலமாக வருத்தியது பத்து வீதக் கழிவு: நிறுத்த நிறையில் பத்தில் ஒன்றைக் கழித்துவிட்டுக் காசு கொடுப்பது. அந்தக் கழிவு கண்ணுக்குத் தெரியும். டெக்ஸில் கழிவு நான்கு துண்டாகப் பிரிந்து நிற்பதால், கூட்டிப் பார்க்காதவருக்குத் தெரியாது.

1. பூல் கட்டணம். யுனிஸ்வொப்பின் இரண்டாம் பதிப்பில் 0.3 வீதம். மூன்றாம் பதிப்பில் பூலைப் பொறுத்து 0.01, 0.05, 0.3, 1 வீதம். ஒரே சோடி நாணயத்துக்குப் பல பூல்கள் இருக்கலாம்.

2. விலைத் தாக்கம். மேலே பார்த்தது.

3. காஸ் கட்டணம். இது பரிமாற்றத்தைப் பதிய பிளொக்செயினுக்குக் கொடுப்பது. சிறிய முதல் உள்ளவருக்கு இதுதான் பெரிய எதிரி, ஏனென்றால் இது தொகையைப் பார்ப்பதில்லை. ஒரு மாற்றலுக்கு ஏறக்குறைய 150,000 அலகு காஸ் பிடிக்கும் என்று வைப்போம். அலகொன்று 20 க்வெய் விற்கும் நேரத்தில், அதாவது ஈத்தரின் நூறு கோடியில் 20 பங்கு, செலவு 0.003 ஈத்தர். 2,000 டொலர் விலையில் 6 டொலர். 50,000 டொலர் மாற்றுபவருக்கு 6 டொலர் தூசு. 50 டொலர் மாற்றுபவருக்கு அது 12 வீதம், திரும்ப விற்கும்போது இன்னொரு 12 வீதம். நீங்கள் முன்பு விற்காத டோக்கனாக, அதாவது பிளொக்செயின் நாணயமாக இருந்தால், அதை எடுக்க டெக்ஸுக்கு முதலில் அனுமதி கொடுக்கும் பரிமாற்றத்துக்கும் காஸ் உண்டு. தோல்வியடைந்த பரிமாற்றத்துக்கும் காஸ் போய்விடும்.

இதற்கு வழி இருக்கிறது. எதீரியத்தின் மேல் ஓடும் ஆர்பிட்ரம், பேஸ் போன்ற இரண்டாம் அடுக்குகளில் அதே மாற்றல் பொதுவாகச் சில சதங்களில் முடியும். 2024 மார்ச்சில் எதீரியத்தில் செய்த மேம்படுத்தலின் பின் அங்கே செலவு வெகுவாகக் குறைந்தது. காஸ் ஏறியிருக்கும் நேரத்தில் சில நூறு டொலருக்குக் குறைந்த தொகையை எதீரியத்தின் முதல் அடுக்கில் வைத்து விளையாடுவதில் அர்த்தமே இல்லை.

4. ஸ்லிப்பேஜ் வரம்பும் சாண்ட்விச்சும். நீங்கள் அழுத்தும் நேரத்துக்கும் பதிவாகும் நேரத்துக்கும் இடையில் விலை அசையலாம். எவ்வளவு வரை அசைந்தால் பரவாயில்லை என்று நீங்கள் கொடுக்கும் எல்லைதான் ஸ்லிப்பேஜ் வரம்பு. உங்கள் கட்டளை பதிவாகுமுன் பொது வரிசையில் எல்லோருக்கும் தெரியும்படி நிற்கிறது. அதைப் பார்க்கும் நிரல் ஒன்று உங்களுக்குச் சற்று முன்னால் வாங்கி விலையை ஏற்றும். நீங்கள் கூடிய விலையில் வாங்கியதும் உடனே விற்றுவிடும். முன்னும் பின்னும் நின்று உங்களை நடுவில் வைப்பதால் இதற்குச் சாண்ட்விச் என்று பெயர். நீங்கள் 5 வீதம் என்று எல்லை வைத்திருந்தால், அந்த 5 வீதம் முழுவதையும் எடுத்துக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறீர்கள்.

2025 மார்ச்சில் யுனிஸ்வொப்பில் சுமார் 2 இலட்சத்து 20 ஆயிரம் யூஎஸ்டிசியை யூஎஸ்டிடி என்ற இன்னொரு டொலர் நாணயமாக மாற்றப்போய்ச் சாண்ட்விச்சில் மாட்டிய ஒருவருக்குக் கிடைத்தது 5,300 டொலருக்கும் குறைவு. ஒரு டொலரை இன்னொரு டொலராக மாற்றும் சாதாரண வேலையில் இது நடந்தது. முக்கிய நாணயச் சோடிகளுக்கு 0.5 வீதம், டொலர் நாணயங்களுக்கிடையில் 0.1 வீதம் போதும். உறுதிசெய்யுமுன் "குறைந்தபட்சம் கிடைக்கும் அளவு" என்ற வரியை வாசியுங்கள். நிரல் காப்பாற்றுவது அந்த எண்ணை மட்டும்தான். எதீரியத்தில் ஃபிளாஷ்பொட்ஸ் புரொடெக்ட் போன்ற மறைவழிகளால் அனுப்பினால் கட்டளை பொது வரிசைக்குப் போகாது.

இந்த நான்கோடு சேராத, ஆனால் புதியவர்களை அதிகம் மாட்டவைக்கும் ஒன்று: வொலட்டில் யூஎஸ்டிடி மட்டும் இருக்கும், காஸ் கட்ட அந்தச் செயினின் சொந்த நாணயம் இருக்காது. எதீரியம், ஆர்பிட்ரம், பேஸ் ஆகியவற்றுக்கு ஈத்தர் வேண்டும், பிஎன்பி செயினுக்கு பிஎன்பி, டிரொனுக்கு டிஆர்எக்ஸ். அது இல்லாமல் உங்கள் காசை நீங்களே அசைக்க முடியாது. முதலில் சொந்த நாணயத்தில் சிறிது அனுப்புங்கள், பிறகு மற்றது.

பூலுக்குக் காசு போடுபவர் உண்மையில் செய்வது

தொட்டியில் இருக்கும் நாணயங்கள் யாருடையவை? உங்களைப் போன்றவர்களுடையவை. இரண்டு நாணயங்களையும் சம பெறுமதியில் போட்டு, பூல் கட்டணத்தில் பங்கு பெறுகிறார்கள். இவர்கள்தான் லிக்விடிட்டி வழங்குநர்கள்.

இப்போது கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடையைக் கற்பனை செய்யுங்கள். பவுண் விலை உலகச் சந்தையில் ஏறுகிறது, ஆனால் இந்தக் கடைக்காரர் விலைப் பலகையைத் தானாக மாற்றுவதில்லை. யாராவது பழைய விலைக்கு வாங்கிக்கொண்டு போனபின்தான், வாங்கிய அளவுக்கு ஏற்பப் பலகை சிறிது ஏறும். விலை இறங்கினாலும் இதே கதை: பழைய கூடிய விலைக்கு மற்றவர்கள் கொண்டுவந்து தலையில் கட்டியபின்தான் பலகை இறங்கும். ஆகவே ஏறும் பொருள் கடையிலிருந்து வெளியேறும், இறங்கும் பொருள் உள்ளே சேரும். ஒவ்வொரு வியாபாரத்துக்கும் சிறு கூலி கிடைக்கும். பூலில் காசு போட்டவர் அந்தக் கடையின் பங்காளி.

எண்ணில் பார்ப்போம். 1 ஈத்தரும் 2,000 யூஎஸ்டிசியும் போடுகிறீர்கள். மொத்தம் 4,000 டொலர்.

1. ஈத்தர் 4,000 ஆகிறது. உங்கள் பங்கு இப்போது 0.707 ஈத்தரும் 2,828 யூஎஸ்டிசியும். மொத்தம் 5,657. பூலில் போடாமல் சும்மா வைத்திருந்தால் 6,000. இழப்பு 343 டொலர், அதாவது 5.7 வீதம்.

2. ஈத்தர் 1,000 ஆகிறது. பங்கு 1.414 ஈத்தரும் 1,414 யூஎஸ்டிசியும், மொத்தம் 2,828. சும்மா வைத்திருந்தால் 3,000. இதுவும் 5.7 வீதம்.

3. ஈத்தர் 500 ஆகிறது. பங்கு 2,000 டொலர். சும்மா வைத்திருந்தால் 2,500. 20 வீதம்.

விலை எந்தப் பக்கம் போனாலும் சும்மா வைத்திருந்தவரை விடப் பின்தங்குகிறீர்கள். இதற்கு "நிலையற்ற இழப்பு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விலை பழைய இடத்துக்கே திரும்பினால் இழப்பு மறையும் என்பதால் அந்தப் பெயர். ஆனால் விலை திரும்பவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பலருக்கு அது நிலையான இழப்பாகவே முடிகிறது. அந்தப் பெயர் ஆட்களை ஏமாற்றும் பெயர்.

கூலி இதை ஈடுசெய்யுமா? ஒரு பூலின் மொத்தப் பெறுமதி 10 இலட்சம் டொலர், நாளாந்த வியாபாரம் 2 இலட்சம், கட்டணம் 0.3 வீதம் என்று எடுங்கள். நாளொன்றுக்கு 600 டொலர் கூலி சேரும். உங்கள் 4,000 டொலரின் பங்கு 2 டொலர் 40 சதம். ஆண்டுக்கு ஏறக்குறைய 22 வீதம் என்று தளம் காட்டும். ஈத்தர் இரட்டிப்பானதால் வந்த 343 டொலர் இழப்பை இந்தக் கூலி மூட 143 நாள் வேண்டும், அதுவும் வியாபாரம் குறையாதிருந்தால். தளத்தின் ஆண்டு வீதம் பெரும்பாலும் அண்மைய ஒரு நாளின் அல்லது ஒரு வாரத்தின் கூலியை ஆண்டுக்கு நீட்டிப் போட்ட எண். பரபரப்பான நாளொன்றின் மறுநாள் பார்த்தால் 80 வீதமும் காட்டும். நிலையற்ற இழப்பை அந்த எண் கழிப்பதில்லை.

அந்த வீதத்தில் ஒரு பகுதி திட்டத்தின் சொந்த டோக்கனாகத் தரப்படுவதென்றால் அதைத் தனியே பிரித்துப் பாருங்கள். வாங்குபவர்களெல்லாம் உடனே விற்கும் டோக்கனின் விலை நிற்பதில்லை.

எல்லை வகுத்துப் போடுவது

2021 மேயில் வந்த யுனிஸ்வொப் மூன்றாம் பதிப்பில், எந்த விலை முதல் எந்த விலை வரை உங்கள் காசு வேலை செய்யவேண்டும் என்று நீங்களே வகுக்கலாம். அதே 4,000 டொலரை 1,600க்கும் 2,500க்கும் இடையில் மட்டும் போட்டால், எல்லைக்குள் விலை நிற்கும்வரை கூலி ஏறக்குறைய 9.5 மடங்கு. விளம்பரங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன.

விலை 2,500ஐத் தொட்டதும் உங்களிடம் ஈத்தர் ஒன்றும் இராது; 4,236 யூஎஸ்டிசி மட்டும். சும்மா வைத்திருந்தால் 4,500. இழப்பு 264 டொலர். எல்லை வகுக்காமல் போட்டிருந்தால் இதே ஏற்றத்துக்கு இழப்பு 28 டொலர்தான். 264ஐ 28ஆல் வகுத்துப் பாருங்கள்: கூலி பெருகிய அதே 9.5 மடங்கு. கீழே 1,600 வந்தால் கையில் 2.118 ஈத்தர் மட்டும், பெறுமதி 3,389. சும்மா வைத்திருந்தால் 3,600. எல்லையைத் தாண்டியபின் கூலி பூச்சியம். மீண்டும் எல்லை மாற்றினால் இழப்பு உறுதியாகிவிடும், காஸும் மாற்றல் கட்டணமும் மேலதிகம். நாள் முழுவதும் வேறு தொழில் பார்ப்பவருக்கு ஒடுங்கிய எல்லை உகந்ததல்ல.

அந்தப் பதிப்பில் உங்கள் பங்குக்கான சான்று ஒரு என்எஃப்டியாக, அதாவது படத்தோடு தெரியும் தனி டோக்கனாக, வொலட்டில் வரும். வேண்டாத படம் என்று நினைத்து அதை வேறெங்கும் அனுப்பிவிட்டால் உள்ளேயுள்ள காசும் அதோடு போய்விடும்.

டொலர் நாணயங்களின் சோடியில் நிலையற்ற இழப்பு மிகச் சிறிது. ஆனால் 2023 மார்ச்சில், யூஎஸ்டிசியின் இருப்பில் 3.3 பில்லியன் டொலர், வீழ்ந்துவிட்ட அமெரிக்க வங்கியான சிலிக்கன் வலியில் (Silicon Valley Bank) சிக்கியது தெரிந்ததும், அந்த நாணயம் 88 சதத்துக்கும் கீழே போனது. எல்லோரும் யூஎஸ்டிசியைக் கொட்டி மற்றதை அள்ள, பூலில் இருந்தவர்களிடம் விழும் நாணயமே மிஞ்சியது. சில நாளில் அது மீண்டது. 2022 மேயில் விழுந்த, டெரா திட்டத்தின் டொலர் நாணயமான யூஎஸ்டி (UST) மீளவேயில்லை.

மோசடியும் தவறும் புகும் வாசல்கள்

எவரும் எந்தப் பெயரிலும் டோக்கன் செய்யலாம், பூலும் திறக்கலாம். பெயரும் சின்னமும் எதையும் நிரூபிக்காது. திட்டத்தின் உத்தியோகபூர்வத் தளத்தில் உள்ள கொன்ட்ராக்ட் முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடவேண்டும். சில டோக்கன்களை வாங்கலாம், விற்க முடியாதபடி நிரலில் பூட்டு இருக்கும். 2021 அக்டோபர் இறுதியில் ஓடிய ஸ்குவிட் டோக்கன் இதற்கு உதாரணம்: விலை 2,800 டொலரைத் தாண்டிய சில நிமிடங்களில் பூச்சியத்துக்கு வந்தது, பொதுமக்கள் விற்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதிய டோக்கனைச் சில டொலருக்கு வாங்கி உடனே விற்றுப் பார்ப்பது ஓரளவு சோதனை. ஓரளவு மட்டுமே, ஏனென்றால் பூட்டைப் பின்னரும் போடலாம்.

இரண்டாவது வாசல் அனுமதி. டோக்கனை எடுக்க டெக்ஸுக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதி பல இடங்களில் "வரம்பில்லாதது" என்றே வரும். 2021 டிசம்பரில் பாட்ஜர் திட்டத்தின் இணையத்தளத்தில் புகுந்தவர்கள் இப்படிப் பெற்ற அனுமதிகளைக் கொண்டு சுமார் 120 மில்லியன் டொலரை எடுத்தார்கள். அனுமதித் தொகையை அன்றைய தேவைக்கு மட்டும் திருத்திக் கொடுங்கள். தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்பால் டெக்ஸ் தளத்துக்குப் போகாதீர்கள். சரியான முகவரியைச் சேமித்து வையுங்கள். 12 சொற்களைக் கடதாசியில் எழுதுங்கள். வட்ஸ்அப்பிலோ கைபேசிப் படமாகவோ வேண்டாம். அவற்றைக் கேட்கும் எவரும் திருடர்.

ரூபாய் எங்கே வருகிறது?

டெக்ஸ் ரூபாய் வாங்காது, ரூபாய் தராது. டோக்கனுக்கு டோக்கன் மட்டுமே. முதற்படியும் கடைசிப்படியும் அதற்கு வெளியே நடக்கின்றன, யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்குச் சட்டச் சிக்கல் வருவதும் அங்கேதான். இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பொது எச்சரிக்கைகள் வெளியிட்டது. மெய்நிகர் நாணயத் திட்டங்களை நடத்த எந்த நிறுவனத்துக்கும் தான் உரிமம் கொடுக்கவில்லை என்றும், வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழான 2021ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பணிப்புரைகளின்படி கடன் அட்டை, பற்று அட்டைகளை இவற்றுக்குப் பயன்படுத்த அனுமதியில்லை என்றும் சொன்னது. விதிகள் மாறக்கூடியவை, காசை அசைக்குமுன் மத்திய வங்கியின் தளத்தில் அன்றைய நிலையைப் பாருங்கள்.

முன்பின் தெரியாதவரிடம் நாணயத்தை விற்று வங்கிக் கணக்கில் ரூபாய் வாங்குவது குறித்து ஒரு கடும் எச்சரிக்கை. வரும் காசு மோசடியில் பறிக்கப்பட்டதாக இருந்தால் விசாரணை உங்கள் கணக்குக்கே வரும், கணக்கு முடங்கலாம். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்மூலம் காசு அனுப்பும் முறையில், பழகிய நம்பிக்கையை இங்கே கொண்டுவர முடியாது: உண்டியல்காரரை ஊருக்குத் தெரியும், இவரை எவருக்கும் தெரியாது.

ஆள் சேர்த்தால் கமிசன் என்று சொல்லும் "லிக்விடிட்டித் திட்டம்" எதுவும் டெக்ஸ் அல்ல. பூலுக்கு ஆள் சேர்க்கத் தேவையில்லை. கூலி வியாபாரத்திலிருந்து வருகிறது. பிரமிட் திட்டங்களை வங்கித்தொழில் சட்டம் தடைசெய்கிறது.

ரூபாய்க் கணக்கும் கண்ணை மறைக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. அந்த நாட்களில் பூலில் இருந்தவருக்கு ரூபாயில் பெரிய இலாபம் தெரிந்திருக்கும். வெறும் யூஎஸ்டிசியாக வைத்திருந்தவருக்கும் அதே ஏற்றம் கிடைத்தது. பூல் நன்றாக ஓடியதா என்பதை, போட்ட அதே நாணயங்களைச் சும்மா வைத்திருந்தால் எவ்வளவு என்ற எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

போவதும் வெளியேறுவதும்

1. இழந்தால் தாங்கக்கூடிய சிறு தொகையோடு, இரண்டாம் அடுக்கில் தொடங்குங்கள். அனுப்புமுன் இரு பக்கமும் ஒரே செயின்தானா என்று பாருங்கள். மையச் சந்தையின் முகவரிக்கு அது ஏற்காத செயினில் அனுப்பிய காசு பெரும்பாலும் திரும்புவதில்லை. முதலில் ஒரு சிறு தொகை, அது வந்தபின் மீதி.

2. பூலில் போடும் நாளில் நான்கு எண்களை எழுதிவையுங்கள்: இரண்டு நாணயங்களின் அளவு, அன்றைய விலை, செலவான காஸ். இவை இல்லாமல் பின்னால் இலாபநட்டம் பார்க்க முடியாது.

3. வெளியேறும்போது லிக்விடிட்டியை எடுங்கள், சேர்ந்த கூலியைத் தனியாக எடுக்கவேண்டிய பதிப்பென்றால் அதையும் எடுங்கள். கையில் வரும் இரண்டு நாணயங்களின் விகிதம் போட்டபோது இருந்தது அல்ல. ஒன்றை மற்றதாக மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

4. கடைசியாக, அந்த டெக்ஸுக்குக் கொடுத்த அனுமதியை நீக்குங்கள். அதற்கும் சிறிது காஸ் பிடிக்கும், ஆகவே சொந்த நாணயம் முழுவதையும் விற்றுவிடாமல் கொஞ்சம் மிச்சம் வைத்திருங்கள்.